கூப்பிட்டால் வரும் ஞானத்தாய்

மாதா கோயிலுக்கு எதிரே இருந்த தையல் கடையில் டேப் அக்கா தனியாள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அப்படி வந்த பெயர் அது. கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரே ஒரு தட்டு. அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். கல்யாணம் என்று ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போனது. அந்தப் பேச்சை எடுத்தால் மிஷினை ஓங்கி மிதிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தி ஞானத்தாயாக நிற்க வேண்டிய அத்தையோ சித்தியோ கடைசி நேரத்தில் கோபித்துக்கொள்வாள், இல்லை பஸ்ஸை விட்டுவிடுவாள். உடனே கோயிலைத் திறந்து பூட்டுகிற உபதேசியார் வாசலுக்கு வந்து சத்தம் போடுவார்.

"டேப் அக்கா, ஒரு ஞானத்தாய் வேணும்! சீக்கிரம் வாங்க!"

ஏதோ அரை மீட்டர் நாடா கேட்கிற மாதிரிதான்! அக்காவும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு ஓடுவாள். முன்பின் தெரியாத குழந்தையை ஏந்துவாள். "இந்தக் குழந்தை விசுவாசத்தில் வளரத் துணை நிற்பீர்களா?" என்று சாமியார் கேட்டால், "நிற்பேன்" என்பாள். தலையில் தண்ணீர் விழும், குழந்தை வீறிடும், போட்டோ எடுப்பார்கள். அப்புறம் இவளைச் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டு எல்லோரும் வேன் ஏறிவிடுவார்கள்.

"ஊர்ல பாதிப் பேருக்கு நான் தாய். ஒரு தலைவலின்னா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்குதா?" என்று உபதேசியாரிடம் பொருமுவாள்.

புதிதாக வந்த சாமியார் எதையும் துருவிக் கேட்கிறவர். "உங்களுக்கு எந்தக் கோயில்லக்கா ஞானஸ்நானம் குடுத்தாங்க?" என்றார்.

"தெரியலையே சாமி" என்றாள் அக்கா. இல்லத்தில் எல்லோரும் முழங்கால் போட்டார்கள், இவளும் போட்டாள். பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கினார்கள், இவளும் வாங்கினாள். ஞானஸ்நானம் ஆனதா என்று யார் கேட்டார்கள்?

"அப்போ நான் ஏந்தின பிள்ளைங்க எல்லாம், சாமி?"

"அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. தண்ணியும் ஊத்தறப்ப சொல்ற வார்த்தையும் போதும். அது கடவுள் செய்யற காரியம், ஞானத்தாயால கெட்டுப் போகாது. உங்க காரியந்தான் தெரியல."

கேட்டுத் தெரிந்துகொள்ள இல்லமும் இல்லை, ஆளும் இல்லை. 'இதுவரை ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று சொல்லித் தண்ணீர் ஊற்றலாம் என்றார் சாமியார். "ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். உங்களுக்கு ஒரு ஞானத்தாயக் கூட்டிட்டு வாங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். யாரைக் கூட்டிப் போவது? கடைக்கு வருகிறவர்களின் இடுப்பளவு தெரியும், தோளளவு தெரியும். கூட வா என்று கேட்க ஒருத்தியைத் தெரியவில்லை. வாரம் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். தைத்ததை எல்லாம் பிரித்துத் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் தனியாகப் போய் நின்றாள். "யாரும் வரலையா?" என்றார் சாமியார்.

"பஸ்ஸ விட்டுட்டாங்க போல" என்று பொய் சொன்னாள்.

உபதேசியார் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போனார். "ஞானஸ்நானம் வாங்கின பொம்பள யாராவது வாங்க! ஒரு ஞானத்தாய் வேணும்!"

அந்தச் சத்தத்தை அக்கா உள்ளேயிருந்து கேட்டது அன்றைக்குத்தான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மகள் வயதுதான். அக்காவின் தோளில் கை வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தண்ணீர் மூன்று முறை தலையில் விழுந்தது. கழற்ற மறந்த டேப்பும் நனைந்தது. அக்கா குழந்தை மாதிரி அழுதாள். முடிந்ததும் அந்தப் பெண், "கடையப் போட்டது போட்டபடி வந்துட்டேன்" என்று ஓடிவிட்டாள்.

ஆச்சு, அவளும் போயாச்சு என்று அக்கா அறைக்குத் திரும்பினாள். அன்று அடுப்பு மூட்டவே மனசு வரவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் கடை வாசலில் நின்றாள்.

"என்னம்மா, பிளவுஸா?"

"இல்லக்கா. சாப்பிட்டீங்களான்னு கேக்க வந்தேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நேத்து துணை நிப்பேன்னு சொன்னேன்ல?"

வேடிக்கையாகக்கூடச் சொல்லவில்லை, பாவி! அக்காவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இத்தனை வருஷம் யாரும் வரவில்லை, வரவில்லை என்று புலம்பினாளே. நிற்பேன் என்று சொன்னது குழந்தையா, இவளா?

பின் தெருவில் சைக்கிள் கடை மாடியில் அவள் ஏந்திய பிள்ளை ஒருவன் இருந்தான். பள்ளிச் சீருடைக்கு அளவுகூட எடுத்திருக்கிறாள். அவன் அம்மாவுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை, இவளும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மாடியேறினாள்.

கதவைத் திறந்தவள் திகைத்தாள். "நாங்க தைக்க ஒண்ணும் குடுக்கலையேக்கா?"

அக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"தையலுக்கு வரலம்மா. நான் உன் பையனுக்கு ஞானத்தாய். சாப்பிட்டானான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."