முனியாண்டிக் கல்லும் சர்வே துரையும்

மலாயாவில், போர்டிக்சனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். அதனால் சிதறிக் கிடந்த எங்கள் லய வீடுகளைப் பிரித்து, ஒரே இடத்தில் கட்டி, முள்வேலி போடச் சொல்லி உத்தரவு வந்தது. தோட்டத் துரை கடலோரத் தரிசைக் காட்டினார். மேட்டு நிலத்தில் ஒரு ரப்பர் மரத்தை விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

கடல் கரையைத் தின்கிறதா என்று அளந்து பார்க்க ஒரு சர்வே துரை வந்தார். அளவுக் கம்பு பிடிக்க என்னை அனுப்பினார்கள். அவர் பழைய வரைபடத்தை விரித்து, அதில் குறித்திருந்த எல்லைக்கல்லைத் தேடினார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரளி மாலையோடு நின்றது கல். எங்களுக்கு அது முனியாண்டி. அங்கிருந்து அலை ஏறும் கோடு வரை, கூட வந்த மலாய்க்காரரைச் சங்கிலி பிடிக்கவைத்து அளந்தார். வரைபடத்தில் இருந்த அதே தூரம். காவலுக்கு வந்த சிப்பாய்கள் அவசரப்படுத்தினார்கள். கடல் நகரவில்லை என்று முடிவு கட்டி, வேறு கல்லைத் தேடாமலே துரை படத்தைச் சுருட்டினார்.

ஆனால் அந்தக் கல்லை நாங்கள் இரண்டு தடவை நகர்த்தியிருந்தோம். கடல் கிட்டே வந்தபோதெல்லாம், சாமி நனையக் கூடாதென்று கிடா வெட்டி, பெயர்த்தெடுத்து உள்ளே நட்டோம். முன்பு கடலுக்கும் கல்லுக்கும் எத்தனை காலடி இருந்ததோ அத்தனை காலடி எண்ணித்தான் நடுவோம். குறைந்தால் சாமிக்குற்றம். கடைசித் தடவை குழி தோண்டியது என் புருஷன். தேங்காய் உடைத்தது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

அந்தக் கிராணிதான் சர்வே துரைக்கு எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் சொல்பவர். "ஐயா, நாம கல்ல நகத்துனத தொரைகிட்ட சொல்லுங்க. இங்க வீடு கட்டுனா கடலு உள்ள வந்துரும்" என்றேன்.

"கவர்மெண்டு கல்ல பேத்தது யாருன்னு கேப்பாரு. ஒம் புருசன் பேரச் சொல்லவா? இப்ப புடிச்சா விசாரணை கெடையாது லா, நேரா தடுப்புக் கேம்புதான்."

பிறகு துரையிடம் ஏதோ சொன்னார். துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். கடல் காற்று வரும் இடத்தில் எங்களுக்கு வீடு பிடித்திருக்கிறது என்று நான் சொன்னேனாம். சங்கிலி பிடித்த மலாய்க்காரர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என் தாலியைக் காட்டிப் பயமுறுத்தினான் அந்தக் கிராணி, பாவி. என் மேலும் எனக்கு ஆத்திரம்தான். தெரிந்த மலாயில் நானே கத்தியிருக்கலாம். கம்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

அந்தத் தரிசிலேயே வீடு கட்டி, வேலி போட்டு, எங்களைக் குடியேற்றினார்கள். மறு வருஷம் பக்கத்து ரோட்டில் யாரோ லாரியைச் சுட்டார்கள். எங்களுக்கு முழுநாள் ஊரடங்கு. அன்று மத்தியானம் பெரிய அலையும் காற்றும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உத்தரவு இல்லாமல் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றான் காவல்காரன். பிள்ளைகள் அலறினார்கள். என் புருஷன் வெட்டுக்கத்தியால் வேலியை அறுத்து எல்லாரையும் மேட்டுக்கு அனுப்பினார்.

தண்ணீர் வடிவதற்குள் போலீஸ் வந்தது. ஏன் வேலியை அறுத்தாய் என்று அதிகாரி கேட்டார். "தண்ணி வந்திருச்சுங்க" என்றார் என் புருஷன். கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார், வெகுநேரம் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு நேரம் எதற்கு? நடுவில் 'கம்யூனிஸ்ட்' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். என் புருஷனை லாரியில் ஏற்றினார்கள்.

"கிராணி போஹோங்! பொய் சொல்றான்! கல்ல நகத்துனது நாங்க எல்லாரும்!" என்று அன்றைக்குத்தான் கத்தினேன். லாரி கிளம்பிவிட்டது.