ஃபிரீசருக்குள் வைத்த கூறை

திலகா அக்கா காலமான செய்தியை அவருடைய மகன் மல்கிரேவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா, அங்கிள். நித்திரையிலதான்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இறுதிக்கிரியை விபரங்களைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பேசி முடிந்த பிறகும் தொலைபேசியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அவரை அறிந்தவர்கள் இந்நகரில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் மெல்பேர்ன் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திலகா அக்கா ஒரு கம்பளி ஆய்வுக்கூடத்தில் பூச்சியியல் ஆய்வாளர். துணி அரிக்கும் அந்துப்பூச்சிதான் அவர் துறை. அலுமாரியிலிருந்து பறக்கும் பூச்சியை யாராவது கைதட்டி அடித்தால் அவருக்குப் பொறுக்காது. "அதுக்குத் தின்ன வாயே இல்லை. துணியை அரிக்கிறது பிள்ளையள். நீங்கள் தகப்பனைப் பிடிச்சு அடிக்கிறியள்" என்பார்.

அக்காலத்தில் என் மனைவி சிவகாமியின் தம்பி ராஜனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணமகள் மாலினி, மருத்துவமனை ஒன்றில் தாதி. இங்கே மாப்பிள்ளை வீட்டார் என்றால் நாங்கள் இருவர்தான். ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து தந்த, தாலி கட்டும்போது மாலினி உடுக்கவேண்டிய கூறைச் சேலையை, மெல்பேர்ன் குளிரும் ஈரமும் படக்கூடாதென்று, என் பழைய கம்பளிக் கோட்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள் சிவகாமி.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் தேநீருக்கு வந்த திலகா அக்கா, தன் மேலங்கியை எங்கள் அறையில் வைக்கப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். "சிவகாமி, உங்கட சுவரில ஒண்டு ஏறுது."

"தூசியாயிருக்கும், அக்கா. நேற்றும் துடைச்சனான்."

"தூசி நடக்காது."

நெல்மணி அளவில் ஒரு குழல். அதன் முனையிலிருந்து சிறு தலை எட்டிப் பார்த்தது. அக்கா அவசரமில்லாமல் விளக்கினார். சாம்பலும் பழுப்புமான அந்தச் சிறு பூச்சி கம்பளியில் முட்டையிடும். பொரித்த புழு, தான் நூற்கும் இழையோடு தின்னும் துணியின் நாரையும் சேர்த்துத் தன்னைச் சுற்றி இப்படியொரு குழல் கட்டிக்கொள்ளும். அதை இழுத்துக்கொண்டே திரியும். வளர வளரக் குழலின் இரு முனைகளையும் நீட்டும். பருவம் வந்ததும் துணியை விட்டுச் சுவரில் ஏறி, வாயை அடைத்து, உள்ளே கூட்டுப்புழுவாகும். பிறகு பூச்சியாக வெளியே வரும்.

"எந்தத் துணியைத் தின்னுதோ, அந்த நிறத்திலதான் வீடு கட்டும்" என்றார். குழலின் நடுவில் என் கோட்டின் சாம்பல் நிறம். இரு முனைகளிலும் அரக்குச் சிவப்பு. "உங்கட வீட்டில சிவப்பில என்ன இருக்கு?"

சிவகாமி அலுமாரியைத் திறந்து கோட்டை வெளியே இழுத்தாள்.

கூறையை விரித்துப் பார்த்தோம். உடுத்தினால் இடுப்பில் செருகும் கொய்யக மடிப்புக்குள் மறைந்துவிடும் இடத்தில் சில சிறு ஓட்டைகள். "ஆருக்கும் சொல்லாதேங்கோ, அக்கா" என்று சிவகாமி அழுதாள். "பொம்பிளை வீட்டுக்காரர் அறிஞ்சா அபசகுனம் எண்டு கல்யாணத்தையே நிப்பாட்டிப் போடுவினம். என்ர தம்பியின்ர வாழ்க்கை."

அக்கா முதலில் பூச்சியைக் கவனித்தார். மடிப்புகளுக்குள் உயிரோடிருக்கும் புழுக்கள் சாகவேண்டும். பூச்சி உருண்டை வேண்டாம் என்றார். ஹோமத்துக்கு முன்னால் அந்த மணத்தோடு மாலினி உட்காரக்கூடாதாம். உறைகுளிரில் புழு செத்துவிடும் என்று கராஜில் இருந்த எங்கள் பெரிய ஃபிரீசரைக் காட்டினார்.

"இறைச்சிப் பெட்டிக்குள்ளயோ? கூறையையோ?"

"ஆட்டை எடுத்துப்போட்டு வையுங்கோ. ரெண்டையும் சேர்த்து வைக்கச் சொல்லேல்லையே."

இறைச்சி முழுவதும் அயலவருக்குப் போனது. சிவகாமி பெட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவி, தலைக்குக் குளித்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிய கூறையை வைத்துக் கும்பிட்டாள். வெளியே எடுத்தாலும் குளிர் விடும்வரை பையை அவிழ்க்கக்கூடாது, பட்டு நனைந்துவிடும் என்று அக்கா இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் மறைப்பதற்கு மட்டும் அவர் உடன்படவில்லை. "உடுக்கிறவளுக்குத் தெரியாமல் நாலு பேருக்குத் தெரிஞ்சா அது கதையாப் போயிடும். அவளுக்கு முதல் சொன்னா அது வெறும் ஓட்டை. வெளிக்கிடுங்கோ."

அன்று மாலையே தாதியர் விடுதிக்குக் காரோட்டினேன். மாலினி சீருடையோடு வந்து நின்றார். அக்கா எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். சிவகாமி என் கையைப் பிடித்திருந்தாள்.

"கூறை இப்ப எங்க?" என்று கேட்டார் மாலினி.

"ஃபிரீசருக்குள்ள" என்றார் அக்கா.

மாலினி ஒவ்வொருவராக எங்கள் முகத்தைப் பார்த்தார். "என்னை ஐஸ்பழம் மாதிரிக் கட்டிக்குடுக்கப் போறியள், என்ன?" என்றவர், சிவகாமியின் பக்கம் திரும்பினார். "அழாதேங்கோ, மச்சாள். ஆளைத் தைக்கிறதையே ஒவ்வொரு நாளும் பக்கத்தில நிண்டு பார்க்கிறனான். சீலையைத் தைக்க ஏலாதோ? அம்மாவுக்கு நானே எழுதுறன்."

சேலையின் ஓரத்திலிருந்தே நூல் உருவி அவரே தைத்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் ஃபிரீசர் கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். மற்றவர்கள் கிசுகிசுக்க எதுவும் மிஞ்சவில்லை. மாலினியின் தாய் ஊரிலிருந்து எழுதிய பதிலில் கேட்டிருந்தது ஒன்றுதான்: இனி யார் வீட்டுக் கம்பளியிலும் பட்டைச் சுற்றாமல் இருப்பார்களா?

நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்த புதிது. அன்று சிவகாமியும் நானும் காரிலிருந்து இறங்கத் தயங்கிக்கொண்டிருக்க, அக்கா முன்னால் நடந்துபோய் விடுதி மணியை அடித்தார். ஒருவரைப் பற்றிய சங்கடமான செய்தி என் கைக்கு வந்த ஒவ்வொரு தடவையும், அச்சுக்குக் கொடுக்குமுன் அவருடைய வாசலுக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் உட்காரவைத்துப் பேசினார்கள். பலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். திலகா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மணியை அடிக்கும் துணிச்சல்.