விண்வெளியிலும் என் சாலட் கீரைதான்

இன்று காலை ஈப்போ நகரத்துச் சாப்பாட்டுக் கடை முதலாளி, மலைமேல் தானா ராத்தா ஊரில் இருக்கும் என் காய்கறிக் கடைக்கு வந்தார். என் சாலட் கீரை மண்ணில்லாமல் தண்ணீர்க் குழாயில் வளர்வது என்று தெரிந்ததும், வாராந்திர ஆர்டரையே நிறுத்தப் பார்த்தார்.

“மண்ணு படாததுல என்னா சத்து இருக்கும், தங்கச்சி?”

போனை நீட்டினேன். வீடியோவில் விண்வெளி வீரர்கள் மிதந்தபடி, அங்கேயே வளர்த்த கீரையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மொதல்ல போனவங்க டியூப்புல அடைச்ச கூழைப் பிதுக்கிச் சாப்பிட்டாங்கண்ணே. இப்ப மேலயே பயிர் போடுறாங்க. நம்ம எஸ்டேட் மண்ணா இருக்கு அங்க?”

ஓர் இலையைக் கடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு லா. ரெண்டு கூடை கூடவே லோரில ஏத்து.”

என் கீரை ஜெயித்துவிட்டது!

அடுத்து நிலாவில் மனிதர்கள் குடியேறப் போகிறார்களாம். கீரை நான் தருகிறேன். அவ்வளவு தூரம் போக லோரி யாரிடம் இருக்கிறது?