கொண்டைப் பாறையில் இடது பக்கம்

பேய், பிசாசு, முனி என்று யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கோபம் வரும், ஏனென்றால் இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் எல்லோரும் வெயில் மண்டையில் அடித்திருக்கும் என்று அந்த ஒரே பதிலையே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வெயில் மண்டையில் அடிக்கும், சரி. டயர்த் தடத்தை மணலில் பதிக்குமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதோ அறுபதோ, அந்தச் சமயம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தேன், திருச்சியில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் செல்வராசுவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அவன்தான் சிநேகிதன், வேறு சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள யாரும் கிடையாது. தார் ரோடு எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. சரளை ரோடு, வண்டித் தடம், கரட்டில் ஏறி இறங்குகிற பாதை, இப்படித் தேடிப் பிடித்துப் போவோம். போய் வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எங்கே ரோட்டை விட்டு இறங்க வேண்டும், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே கருவேல முள் அதிகம், எந்த இறக்கத்தில் சரளை உருண்டு பிரேக் பிடிக்காது, எல்லாம் அதில் இருக்கும். ஆபீசில் நாலு பேர் அந்த நோட்டை இரவல் கேட்பார்கள், கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். நானே மிதித்துப் பார்க்காத பாதை ஒன்றுகூட இதில் இல்லை என்று பீற்றிக்கொள்வேன்.

ஆனால் அப்படி ஒன்று இருந்தது. அண்ணன் உழவு மாடு வாங்க மணப்பாறைச் சந்தைக்குப் போனபோது நானும் கூடப் போனேன், அங்கே ஒரு வண்டிக்காரர் திண்டுக்கல் ரோட்டிலிருந்து விராலிமலைப் பக்கம் போகக் கரட்டு வழியாக ஒரு தடம் இருப்பதாகச் சொன்னார். நடுவில் கொண்டை வைத்த மாதிரி ஒரு பாறை வரும், அங்கே சோத்தாங்கைப் பக்கம் திரும்ப வேண்டும் என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன், "கொண்டைப் பாறையில் வலது பக்கம்" என்று, நானே போய் வந்த மாதிரி.

செல்வராசுவின் அக்காவை விராலிமலைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அந்த வழியில் அங்கே போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் திருச்சி மன்னார்புரத்தில் என் பின் டயர் ஒரு கண்ணாடித் துண்டில் ஏறிக் கிழிந்துபோனது. பக்கத்திலேயே காஜா பாய் சைக்கிள் கடை, நானும் செல்வராசுவும் அங்கே தள்ளிக்கொண்டு போனோம். காலையில்தான் தைத்துத் தர முடியும் என்றார் பாய், செல்வராசுவுக்கோ விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இந்த வழி நீ மிதிச்சதுதானே?"

"ஒவ்வொரு அடியும் மிதிச்சதுடா" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன். காஜா பாய்க்கு முன்னால் இல்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் கடைக்குப் போனபோது செல்வராசு கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என் சைக்கிள் தலைகீழாக நின்றது. டயருக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, வெளியே தோல் வாரால் பாய் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று தையல். நடுத் தையல் சரியாக உட்காராமல் இன்னொரு தடவை குறுக்கே இழுத்ததில் அது மட்டும் பெருக்கல் குறி மாதிரி ஆகிவிட்டது. தையலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குத்தான் முடித்தார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கல் ஏற்றுகிற லாரியின் டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். பேச்சுவாக்கில் செல்வராசு போயிருக்கிற வழியைச் சொன்னேன்.

"கொண்டப் பாறையில வலது பக்கமா? அங்க கல்லு வெட்டுன பள்ளம்ல இருக்கு" என்றார். "எறக்கத்துல போன மாடே நிக்க முடியாம உள்ள விழுந்துருச்சுங்க. ஊர்லேர்ந்து ரோட்டுக்கு வர்றவங்களுக்குத்தான் வலது பக்கம். இங்கேர்ந்து போனா இடது பக்கம்ல திரும்பணும்."

வண்டிக்காரர் தான் வருகிற வழியைச் சொல்லியிருக்கிறார். அதைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும் என்கிற புத்திகூட எனக்கு இல்லை. சைக்கிளை எடுத்தவன் திண்டுக்கல் ரோட்டில் எங்கேயும் நிற்காமல் மிதித்தேன், மிதிக்கிற நேரமெல்லாம் அவன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

தடம் பிரிகிற இடத்துக்கு நான் வந்தபோது மணி பதினொன்று, வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணுக்கு எட்டின தூரம் கரடும் பொட்டலும்தான், ஒரு ஆடு மாடுகூட இல்லை. சரளையில் தடம் பதியாது, அதனால் செல்வராசு போனானா இல்லையா என்றே தெரியவில்லை. அரை மைல் தாண்டி ஒரு காய்ந்த ஓடை குறுக்கிட்டது. அதில் மணல். மணலில் இரண்டு சைக்கிள் தடம். ஒன்று செல்வராசுவுடையது. இன்னொன்று அவனுக்கு முன்னாலேயே போயிருக்கிறது, ஏனென்றால் அவன் தடம் அதன் மேல் ஏறியிருந்தது. அந்த முதல் தடத்தில், நம்பினால் நம்புங்கள், ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி, ஒரு கோடு. கொஞ்ச தூரம் விட்டு மறுபடியும் ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி, ஒரு கோடு.

இறங்கி என் சைக்கிளைப் பக்கத்தில் உருட்டிப் பார்த்தேன். அதே குறி, அதே இடைவெளி. செல்வராசு எட்டு மணிக்கெல்லாம் இந்த ஓடையைத் தாண்டியிருப்பான், அப்போது என் சைக்கிள் மன்னார்புரத்தில் தலைகீழாக நின்றிருக்கிறது, நடுத் தையல் அப்போது போட்டிருக்கவே இல்லை. எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரோ என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று அந்தப் பொட்டலில் சத்தம் போட்டுத் திட்டினேன்.

கொண்டைப் பாறைக்குக் கீழே கொஞ்சம் புழுதி இருந்தது. வலது பக்கம் பாதை நன்றாக அகலமாகச் சரிந்து இறங்கியது, நானாக இருந்தாலும் அதில்தான் இறங்கியிருப்பேன். ஆனால் இரண்டு தடமும் இடது பக்கம் திரும்பியிருந்தன.

இரண்டு மைலில் ஒரு சின்ன ஊர். கிணற்றடியில் செல்வராசு உட்கார்ந்திருந்தான். உயிரோடு பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காது கேக்காதாடா உனக்கு?" என்றான். "பின்னாலேர்ந்து தொண்டை வத்தக் கத்துறேன், ஒரு தடவையாவது திரும்புனியா? பாறைகிட்ட நின்னு கையை மட்டும் இடது பக்கம் காட்டிட்டுப் போயிட்டே. இந்த ஊர் எல்லையில உன்னைக் காணோம். நீ ஒதுங்கப் போயிருப்பேன்னு மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன்."

நான் இப்போதுதான் வருகிறேன் என்றேன். சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றான். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னது, லாரி டிரைவர் சொன்னது, மணலில் பார்த்தது, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னந்தலை பூரா வெள்ளையா இருந்துச்சு, புழுதின்னு நெனச்சேன். அதுக்குள்ள கழுவிட்டு வந்துட்டியா?"

அவன் கணக்கு இதுதான்: எழுதியது தப்பு என்று எனக்கு ராத்திரியே தெரிந்திருக்கிறது, ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு அவனுக்கு முன்னால் வந்து வழி காட்டிவிட்டுப் பேய்க்கதை சொல்கிறேன். "தப்புன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கொன்னா போட்டிருப்பேன்?" என்றான். காஜா பாய் அல்லா மேல் ஆணையிட்டுச் சொல்லியும் அவன் நம்பவில்லை, அவரையும் என் கூட்டாளி என்றான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது "வலது" என்பதை அடித்துப் பென்சிலால் "இடது" என்று திருத்தியிருந்தான். அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி என்றால் வருவான், பேசுவான், ஆனால் என்னோடு சைக்கிளில் வந்ததே இல்லை. நாலு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தான். நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பினவன், சொன்ன உண்மையைச் சாகும்வரை நம்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முன்னால் போனது என்னவாக இருந்தாலும், நான் செய்திருக்க வேண்டிய வேலையை அது செய்தது. அந்த மட்டில் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாசம் சலூனில் முடி வெட்டி முடித்து, பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினான் அந்தப் பையன். பின்னந்தலை முழுக்க வெள்ளை. அதுகூடப் போகட்டும், இந்த வயசில் யாருக்குத்தான் நரைக்காது. எனக்கு இரண்டு வருஷமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பாமல் போகிறேனாம், மருமகள் தினமும் அதற்குத்தான் சண்டை பிடிக்கிறாள்.