மைத்துனர் வீட்டு இரும்பு உத்திரம்

உலகச் சண்டைக் காலம். புது இரும்பு கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. தென்காசியில் என் மைத்துனரோ, மகள் கல்யாணத்துக்குள் மச்சு எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். செங்கோட்டைப் பக்கம் பிரித்துப்போட்ட ஒரு கொட்டகையிலிருந்து இரண்டு பழைய உத்திரங்கள் வந்தன. இரண்டும் ஒரே நீளம். ஒன்று நல்ல உயரம், ஆனால் மேல்பட்டையையும் கீழ்பட்டையையும் சேர்க்கிற நடுத்தகடு மெல்லிசு. மற்றது குட்டை, தகடு நல்ல தடிமன். மச்சைத் தாங்க ஒன்று போதும். எது என்று சொல்ல வேண்டியவன் ஓவர்சியரான நான்.

உயரமானதைக் காட்டினேன். தூக்கி வைக்க வந்த கொல்லர் அதன் நடுத்தகட்டைச் சுண்டிப் பார்த்தார்.

"ஐயா, ஒசரம் சரிதான், தகடு கனம் பத்தாது. செவுத்து மேல உக்காருத எடத்துல நெளிஞ்சிரும். குட்டையே போதும்."

"கணக்கெல்லாம் போட்டாச்சு. உம்ம வேலையப் பாரும் வேய்" என்று எரிந்து விழுந்தேன்.

போட்ட கணக்கில் பிழை இல்லை. உயரம் கூடினால் உத்திரம் லேசில் வளையாது. ஆனால் அது வளைவுக்கு மட்டும் போட்ட கணக்கு. பாரமெல்லாம் சுவரில் இறங்கும் முனையில் அந்த மெல்லிய தகடு என்ன ஆகும் என்று நான் பார்க்கவே இல்லை. கொல்லர் சொல்லி ஓவர்சியர் கேட்பதா என்ற திமிர் வேறு.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஊர்வலம் பார்க்கப் பெண்களும் பிள்ளைகளுமாக மச்சில் ஏறி நெருக்கியடித்து நின்றார்கள். நான் கீழே கூடத்தில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் சுண்ணாம்புப் பொருக்கு விழுந்தது. தட்டிவிட்டேன். மறுபடியும் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். கல்யாணத்துக்காக வெள்ளையடித்த உத்திரத்தில், சுவரோரமாகச் சுண்ணாம்பு சாய்ந்த கோடுகளாக உதிர்ந்திருந்தது. நடுத்தகடு ஒரு பக்கமாக அப்பளம் போல உப்பியிருந்தது. மேளச் சத்தம் நெருங்கியது. படியில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் சம்பந்தி வீட்டார் முன்னால் என் வேலை சந்தி சிரிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது: மேலே போய், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவியை மட்டும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன்.

"என்ன, மொகமெல்லாம் இப்பிடி வேர்த்துக் கெடக்கு?"

"மச்சு தாங்காது. நீ வாசலுக்குப் போயிரு. மத்தவங்கள மெதுவா எறக்கிக்கலாம்."

ஒரு பார்வை பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பப் படியேறினாள். தடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். மேலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏட்டி, எல்லாரும் கீழ வாங்க! ஆலத்தி எடுக்க அங்கன ஆள் இல்ல! பிள்ளைகள மொதல்ல எறக்குங்க. ஓடாதிய, படி வழுக்கும்!"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொரு காலடிக்கும் பொருக்கு உதிர்ந்தது. நான் அந்தத் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியாக இறங்கியவள் அவள்தான். அதற்குப் பிறகுதான் உத்திரத்துக்குப் பனங்கட்டையால் முட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் வாசலில் ஆலத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேல எங்கம்மா நின்னா. ஒங்க தங்கச்சி பிள்ள நின்னுது. ஒங்க கண்ணுக்கு நான் மட்டுந்தான் தெரிஞ்சனா?"

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் மைத்துனரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூட இப்போது நினைவில் இல்லை. அவள் கேட்டது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.