ஜீப்பின் வயிற்றுக்கு ஒரு தகடு

சென்ற செவ்வாய்க்கிழமை, நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குக் கீழே 'படார்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்றைக்கு வெள்ளி. எழுத்து இன்னும் கோணல் மாணலாகப் போகிறது... அச்சுக் கோக்கும் நண்பர் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எவ்வளவு பயந்த சுபாவக்காரன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ரயில் கிளம்புவதற்கு முன்பே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற ஜாதி. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மகள் ஒரு டாக்டர். அதிலும் ஜீப் ஓட்டுகிற டாக்டர்!

ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் மகள் சுகுணாவுக்கு வேலை. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் ஏலம் விட்டார்களே, அந்த ஜீப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, "வேற ஆள் வர்ற வரைக்கும் நானே ஓட்டறேம்பா" என்றாள். வேறு ஆள் வரவே இல்லை. அவள் தேடினாளா என்பதே எனக்குச் சந்தேகம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜவளகிரிப் பாதையில் ஒரு கல், ஜீப்பின் சேம்பரைக் கிழித்துவிட்டது. சேம்பர் என்பது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டி. எண்ணெய் முழுக்க மண்ணில். யானை நடமாடுகிற காட்டோரம். சுகுணாவும் ஒரு நர்ஸும் பொழுது சாய்கிறவரை பாதையோரம் உட்கார்ந்திருந்து, விறகு வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். நான்?

மறுநாளே மெக்கானிக் முனியப்பாவிடம் போய் நின்றேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழில் கேலி பேசுவதில் நம்மை விடக் கெட்டிக்காரர்.

"முனியப்பா, இந்த ஜீப்புக்கு அடியில ஒரு இரும்புத் தகடு போட முடியுமா? சேம்பர், கியர் பாக்ஸ் எல்லாம் மறையணும்."

அவர் ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோவணம் கட்டணுங்கறீங்க."

"கேலி வேண்டாம். முடியுமா, முடியாதா?"

"கட்டிடலாம் சார். இத்தினி நாளா அது வெக்கமில்லாம திரிஞ்சிக்கினு இருந்துச்சு."

அரிசி மில்லில் கழித்துப் போட்ட பாய்லரிலிருந்து தகடு வெட்டினார்கள். உலையில் பழுக்கக் காய்ச்சி, முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்தார்கள். நேர் விளிம்பாக இருந்தால் கல்லில் குத்தி வண்டி நின்றுவிடுமாம். வளைந்திருந்தால் கல் மேல் ஏறிச் சறுக்குமாம். ஜீப்பின் அடிச்சட்டத்தில் துளை போட்டு, தடித்த போல்ட்டுகளால் முடுக்கினார்கள். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்தேன்.

"சார், அது பல்லு இல்ல, ஆட்டி ஆட்டிப் பாக்கறதுக்கு" என்றார் முனியப்பா.

வேலை முடிந்ததும் சுகுணா வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"வண்டியோட மொத்த வெயிட்டும் இது மேலயே உட்கார்ந்தா தாங்குமா?"

"உக்காந்து எந்திரிக்கலாம் டாக்டரம்மா. சறுக்கிக்கினு கூடப் போலாம்."

அவள் தலையை ஆட்டினாள். பெண்ணுக்கு ஒருவழியாக ஜாக்கிரதை வந்துவிட்டது என்று எனக்கு ஏக சந்தோஷம். அவள் எதற்காகக் கேட்டாள் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை, என் தகட்டின் அழகைப் பார்க்கிற ஆசையில், அவளோடு ஜவளகிரி வரை போனேன். அங்கே ஒரு மரத்தடியில் அவள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஓடைக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கிற சிற்றூர்க்காரன். பெயர் மாதையா. விடியற்காலையிலிருந்து மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தையின் தலைக்குப் பதிலாகக் கை வெளியே வந்திருக்கிறது.

"பேக வாங்கம்மா, பேக!" என்றான். கன்னடத்தில் 'பேக' என்றால் சீக்கிரம். அந்த முகத்தைப் பார்த்தால் எந்த மொழிக்காரனுக்கும் அது புரியும்.

அந்த ஊரிலிருந்து அவளை இங்கே வரை எப்படிக் கொண்டுவருவார்கள்? கட்டிலோடு தூக்கி, காட்டைக் கடந்து, ஓடையைக் கடந்து... பாதி நாள் ஆகும். சில கட்டில்கள் பாதி வழியிலேயே பிணத்தோடு திரும்பிப் போனதுண்டு என்று சுகுணா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் பையை ஜீப்பில் வைத்தாள்.

"எங்கேம்மா? ஓடையில ஜீப் போகாதுன்னு நீதானே சொல்வே?"

"முன்னே போகாதுப்பா. பாறையில அடி இடிக்கும். இப்ப போகும்."

"யார் சொன்னா?"

"நீங்கதான் தகடு போட்டிருக்கீங்களே!"

நான் தகடு போட்டது அவள் போகிற பாதையில் பத்திரமாகப் போய்வருவதற்கு. அவளோ அதை, போகாத பாதையில் போவதற்கான அனுமதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

ஓடையில் முழங்கால் தண்ணீர். நடுவில் எருமை படுத்திருப்பது போல ஒரு பாறை. மாதையா முன்னால் இறங்கி வழி காட்டினான். முன்சக்கரங்கள் பாறையில் ஏறின. வானம் தெரிந்தது. சக்கரங்கள் அந்தப் பக்கம் இறங்கின. அப்போதுதான் அந்தச் சத்தம் – படார்!

ஜீப் முழுதும் தன் வயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். சுகுணா கியரை மாற்றினாள். 'கர்ர்ர்' என்று பாறையின் மேல் இரும்பு இழுபட்டது. அந்த நேரத்தில் என் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள், தெரியுமா? தண்ணீரில் நிற்கிறவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்: "இது எத்தனையாவது பிரசவம் மாதையா? முன்னே எல்லாம் சுகமா ஆச்சா?"

வழுக்கிக்கொண்டு இறங்கினோம். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மாதையாவின் மனைவியைப் பார்த்ததுமே, ஓசூரில் ஆபரேஷன் செய்தால்தான் ஆகும் என்றாள் சுகுணா. திரும்பும்போது அந்தப் பெண்ணைப் பின்னால் வைக்கோல் மேல் படுக்க வைத்திருந்தோம். தலைமாட்டில் மாதையா. மறுபடி அதே ஓடை, அதே பாறை, அதே படார். அந்த வலியிலும் அவள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"ஏனம்மா அது?" என்றாள். என்ன அது என்று கேட்கிறாள்.

சுகுணா திரும்பிப் பார்க்காமலே கன்னடத்தில் பதில் சொன்னாள்: "ஏனில்ல. நம்ம அப்பா."

ஒன்றுமில்லை, நம்ம அப்பா! என் தகட்டைத்தான் அப்படிச் சொல்கிறாள்.

கன்னடத்தில் 'நம்ம அப்பா' என்றால் 'என் அப்பா' என்றுதான் அர்த்தமாம். பிறகு விசாரித்தேன். ஆனால் எனக்குத் தமிழில்தானே காது கேட்கும்? அந்த நிமிஷம் ஓடை நடுவில், பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத ஒரு பெண்ணுக்கும் சேர்த்து நான் அப்பாவாகிவிட்டேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டவள் போலத் தலையை மறுபடி வைக்கோலில் சாய்த்தாள். என் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அதுவரை எனக்காக நடுங்கிக்கொண்டிருந்தவன், அதன் பிறகு அவளுக்காக நடுங்கினேன்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நானும் மாதையாவும் வெளியே பெஞ்சில். அவனுக்கு என் தமிழ் பாதி புரியும், எனக்கு அவன் கன்னடம் கால் வாசி. பேச என்ன இருக்கிறது? கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உள்ளேயிருந்து பூனைக்குட்டி கத்துவது போல ஒரு குரல் வந்தது. மாதையா என் கையைப் பிடித்தான். இல்லை... நான்தான் பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

பெண் குழந்தை. ஒரு கை மட்டும் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. சில நாளில் சரியாகிவிடும் என்றாள் சுகுணா. தாயும் பிழைத்துவிட்டாள்.

மறுநாள் முனியப்பாவின் பட்டறையில் நானே ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தகட்டில் ஒரு தழும்பு. விரல் நுழைகிற ஆழம், என் முழங்கை நீளம். நேராகச் சேம்பருக்குக் கீழே. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்திருந்தேனோ!

"சார், தூங்கிட்டீங்களா?" என்று மேலேயிருந்து முனியப்பா குரல் கொடுத்தார்.

பிள்ளைகளுக்கு நாம் குடை வாங்கிக் கொடுக்கிறோம். எதற்கு? நனையாமல் இருக்க. அவர்கள் என்ன செய்கிறார்கள்? குடைதான் இருக்கிறதே என்று அடைமழையில் கிளம்பிவிடுகிறார்கள்! நாம் ஜன்னலில் நின்று பார்க்கிறோம். திரும்பி வா என்று கத்துகிறோம். அதே சமயம், இந்தக் கால்கள் நம் வீட்டில் வளர்ந்தவையா என்று வாய் பிளக்கவும் தோன்றுகிறது.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது சுகுணா வந்துவிட்டாள். பெட்ரோல் டேங்குக்குக் கீழேயும் ஒரு தகடு வேண்டுமாம். மாதையாவின் ஊரைத் தாண்டி இன்னொரு ஊர் இருக்கிறதாம். நடுவில் இன்னொரு ஓடை. இதை விட ஆழமாம்.

முனியப்பா என்னைப் பார்த்தார். "இன்னா சார், கட்டிடலாமா?"

கட்டச் சொல்லிவிட்டேன். நானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டேன்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களோடு இருக்கட்டும்.