வல்பராய்சோவின் வெறுங்கால்காரர்

1986 ஆடி மாதம், ஞாயிறு காலை. ஊரைவிட்டு வந்து குடியேறிய நகரத்தில், பிளமொண்டன் மெட்ரோவில் நானும் செல்வம் அண்ணையும் ஏறினோம். லியோனல்-குறூவில் மாறி, அங்றின்யோனில் இறங்கி, பஸ் பிடித்து லாசால் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் போதும்.

அண்ணை திருகோணமலைக்காரர். அவரோடு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் சிலி நாட்டு லூயிஸ்தான் எங்களை அழைத்திருந்தான். வல்பராய்சோத் துறைமுகத்தில் உதைபந்தை வளர்த்த தொன் அனிபல் என்பவரின் நினைவாக ஆண்டுதோறும் ஓர் ஆட்டம். போன வருசம் ஆள் போதாமல் நடக்கவில்லை. இந்த முறையும் ஒருவர் குறைவு.

“விளையாடுவீங்களோ அண்ணை?”

“பாக்கத்தான் வாறன். ரவி போன பிறகு நான் பந்தைத் தொடேல்லை.”

ரவி அவருடைய தம்பி. மைதானத்தில் நின்றவனை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

“அப்ப நான் விளையாட இறங்கட்டோ?”

“நீ இறங்கினா மற்றப் பக்கத்துக்குப் பத்துப் பேரே காணும்.”

ஆற்றோரப் பூங்காவில், ஒரு முக்காலியில் தடித்த மீசைக்காரரின் படம். முன்னால் பூக்களும் மெழுகுதிரியும். அண்ணை சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவைத்துவிட்டுக் கிட்டப் போனார். படத்துக்குப் பூ வைத்திருந்தால் நாங்கள் வேறென்ன செய்வோம்?

அண்ணையின் வெறுங்கால்களைக் கண்டதும் ஒரு மூதாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் எலேனா, அனிபலின் மகள். அவர் சொன்னதை லூயிஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னான். அனிபல் மூட்டை தூக்கியவர். வெள்ளைக்கார மாலுமிகள் எறிந்த கிழிந்த பந்தைக் கப்பற்பாய் தைக்கும் நூலால் தைத்து, தன் கூட்டாளிகளைச் சேர்த்து அணி கட்டினார். சப்பாத்து இல்லாதவர்களுக்கு மைதானம் இல்லை என்று கனவான்கள் விரட்ட, கடற்கரையில் வெறுங்காலோடு ஆடினார்கள். பிறகு அதே கனவான்கள் மணலில் வந்து நின்று பார்த்தார்களாம்.

“அப்பாவைப் போல ஆடவே வந்திருக்கிறார்” என்று எலேனா பந்தை அண்ணையின் காலடியில் வைத்தார்.

அது பிழை, அவர் கும்பிடத்தான் சப்பாத்தைக் கழற்றினார். அண்ணை என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார்.

“கிழவி அழுறா. என்னடாப்பா செய்யிறது?”

“உதையுங்கோ அண்ணை.”

உதைத்தார். பிறகு முழு ஆட்டமும் நின்றார். அண்ணை நின்ற பக்கம் நாலு கோலால் தோற்றது. லூயிஸ் அவருடைய சிவந்த பாதங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

முடிவில் எல்லோரும் வட்டமாக நின்றோம். எலேனா தகப்பனின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். மற்றவர்கள் ஒரே குரலில், “பிரசென்தே!” இறந்தவருக்காக இருப்பவர்கள் ‘இருக்கிறேன்’ என்று சொல்வது அவர்கள் வழக்கமாம். பின் ஒவ்வொருவரும் தாங்கள் இழந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள்.

அண்ணையின் முறை வந்தது.

“ரவி” என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி.

எலேனா காதில் கையை வைத்து, இன்னும் உரக்க என்று சைகை காட்டினார்.

“ரவி!”

எங்கள் ஊரில் அந்தப் பெயர் வந்தால் ஆட்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள், பிறகுதான் கதைப்பார்கள். லாசாலில், ஒரு சொல் தமிழ் தெரியாத அத்தனை பேரும் அவனுக்காகப் பதில் சொன்னார்கள்.